ட்ரெட்மில் வாங்குவதா, ஹட்டனில் ஜிம்முக்குப் போவதா?

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. ஹட்டனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், வீடு கொட்டகலையில். போன மாதம் இரத்தம் சோதித்தபோது வெறும் வயிற்றில் சீனி 118 என்று வந்தது. டொக்டர் மருந்து எழுதவில்லை. போர்டரில் இருக்கிறது, நிறையைக் குறைத்து உடற்பயிற்சி செய்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். எங்கள் அம்மாவுக்குச் சீனி வியாதியால் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள், புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான்தான், அதனால் இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ரோட்டில் நடக்கலாமே என்று கேட்பீர்கள். மே மாதம் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. எங்கள் வீடு மெயின் ரோட்டில் இருந்து தோட்டப் பக்கம் இறங்கும் பாதையில் இருக்கிறது. விடியற்காலையில் தேயிலைக்குள் சிறுத்தை கண்டதாக இரண்டு முறை பேச்சு வந்தது, நாய்கள் வேறு. மெயின் ரோட்டுக்கு ஏறினால் ஓரத்தில் நடக்க இடமில்லை, லொறியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும்.

சீட்டுக் காசு கையில் வந்திருக்கிறது. ஒரு கடையில் 165,000 ரூபாய்க்கு ட்ரெட்மில் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னொரு பக்கம் ஹட்டனில் ஒரு ஜிம், சேரும்போது 3,000, அப்புறம் மாதம் 4,500. பெண்களுக்கு மட்டும் பின்னேரம் இரண்டரை முதல் நாலரை வரை நேரம் வைத்திருக்கிறார்கள். கணவர் கொழும்பில் வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார் எங்களோடு இருக்கிறார். ஜிம் என்றால் வீட்டை விட்டு இருக்கவேண்டும், மெஷின் என்றால் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்திலேயே நடக்கலாம். மனம் மெஷின் பக்கம்தான் சாய்கிறது. பாவித்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

டிக்கோயாக்காரன்:

டீச்சர், காசைக் கொடுக்குமுன் இதை ஒரு தரம் வாசியுங்கள், நான் 2021இல் வாங்கியவன். கொரோனா நேரம், டவுனுக்குப் போக வழியில்லை, எனக்கு பிரஷர், அதனால் நல்ல மனதோடுதான் வாங்கினேன். ஏழெட்டு மாதம் ஒழுங்காக நடந்தேன், பிரஷரும் இறங்கியது, அதை மறுக்கமாட்டேன். அப்புறம் ஒக்டோபரில் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. மெஷின் ஓடவில்லை, நிறுத்தித்தான் இருந்தது, ஆனால் பிளக்கைக் கழற்றவில்லை. உள்ளே மோட்டரை ஓட்டும் சர்க்கிட் போர்ட் போய்விட்டது. விற்ற கடைக்காரர் மின்னலுக்கு வொரண்டி இல்லை என்றார், திருத்தும் ஆள் கொழும்பில் இருந்து வரவேண்டும், வாகனச் செலவு என் தலையில். ஆறு வாரம் கழித்து ஆள் வந்தார், போர்டும் கூலியும் வாகனமும் சேர்த்து நான் கொடுத்த காசில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கியிருக்கலாம். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் நம் பக்கம் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், நடந்து முடித்த கையோடு பிளக்கைக் கழற்றும் பழக்கம் வரவேண்டும், ஏர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீசியனிடம் காட்டவேண்டும், பழைய வயரிங் வீடு என்றால் தனி லைன் இழுக்கவேண்டும்.

இன்னொன்று, பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஹோர்ஸ்பவர் பெரும்பாலும் மோட்டர் ஒரு நொடி எட்டிப் பிடிக்கும் உச்ச அளவு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைத் தனியாகக் கேளுங்கள், கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால் அந்த மெஷினை விடுங்கள். எத்தனை கிலோ ஆளைத் தாங்கும் என்பதையும் பாருங்கள், உங்கள் நிறைக்கு மேலே ஒரு இருபது கிலோவாவது இடைவெளி வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிக்கன் எண்ணெய் விடாவிட்டால் உராய்ந்து உராய்ந்து மோட்டர் சூடாகும். நம் ஊர் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம், ஜூலையில் என் வீட்டுச் சுவரில் தண்ணீர் வடியும், மெஷினின் ஆணிகள் எல்லாம் இரண்டாம் வருடமே துருப்பிடித்தன.

கரண்ட் பில்லுக்குப் பயப்படவேண்டாம், அரை மணி நேரம் நடந்தால் அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் போகும். மெஷினைச் சுமப்பதுதான் பெரிய வேலை. மெயின் ரோட்டில் இருந்து கீழே வீடு என்கிறீர்கள், அறுபது எழுபது கிலோ சாமானைப் படியில் யார் இறக்குவது, பழுதானால் யார் திரும்ப ஏற்றுவது? கடையில் இதை முதலில் கேளுங்கள்.

பண்டாரவளை ரெயில்வே:

மெஷின்தான் வேண்டும் என்றால் ட்ரெட்மில்லை விட்டுவிட்டு நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் வாங்குங்கள். காந்தத்தில் இறுக்குகிற வகை, கரண்ட் தேவையில்லை, சத்தம் இல்லை, ட்ரெட்மில் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும், ஒரு ஆளாகத் தூக்கி வைக்கலாம். எங்கள் அப்பா ஓய்வுபெற்ற ரெயில்வே ஆள், 67 வயது, முழங்காலுக்கு நோகாமல் தினமும் நாற்பது நிமிடம் வானொலிச் செய்தி கேட்டபடி மிதிக்கிறார். 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களிலும் அவர் ஒரு நாள் விடவில்லை.

நுவரெலியா அக்கா:

தங்கச்சி, நான் ஜிம் பக்கம். எனக்கு 46, வங்கியில் வேலை, நாள் முழுக்கக் கதிரையில்தான். நானும் முதலில் நடை போதும் என்றுதான் இருந்தேன், கிரகரி வாவியைச் சுற்றி இரண்டு வருடம் நடந்தேன். நிறை மூன்று கிலோ குறைந்து அதோடு நின்றுவிட்டது. ஜனவரியில் குளிர் இறங்கும்போது அந்த நடையும் நின்றுவிடும்.

ஜிம்முக்குப் போனதில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் மெஷின்கள் இல்லை, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். கீழே கிடக்கும் பாரத்தை எப்படித் தூக்குவது என்று 44 வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதுகை வளைத்துத்தான் கேஸ் சிலிண்டரைத் தூக்குவேன், அரிசி மூட்டையைத் தூக்குவேன், வருடத்துக்கு ஒரு தடவை இடுப்பு பிடித்துக்கொண்டு படுப்பேன். அந்தப் பயிற்சியாளர் பிள்ளை முதல் இரண்டு வாரமும் வெறும் தடி ஒன்றை முதுகோடு பிடித்துக் குனியத்தான் பழக்கினாள், இடுப்பில் இருந்து மடங்கு, முதுகு தடியை விடக்கூடாது என்று. எனக்குக் கோபம் கூட வந்தது, இதற்கா காசு கொடுத்தேன் என்று. இப்போது நாற்பது கிலோ தூக்குகிறேன், இரண்டு வருடமாக இடுப்பு பிடிக்கவில்லை. வீட்டில் வீடியோ பார்த்துச் செய்திருந்தால் நான் செய்வது பிழை என்று எனக்கே தெரிந்திருக்காது. ட்ரெட்மில் உங்களை நடக்க வைக்கும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லித்தராது.

ஆனால் ஒன்று, வருடக் காசை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் குறைத்துத் தருகிறோம் என்றார்கள், கட்டினேன், ஐந்தாம் மாதம் இடத்தை மூடிவிட்டார்கள், ஒரு சதம் திரும்பவில்லை. இப்போது மாதா மாதம்தான் கட்டுகிறேன், கொஞ்சம் கூடுதல் என்றாலும் பரவாயில்லை. சேருமுன் அந்தப் பெண்கள் நேரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள், உண்மையிலேயே பெண் பயிற்சியாளர் நிற்கிறாரா, உடுப்பு மாற்றக் கதவு பூட்டும் இடம் இருக்கிறதா, அந்த நேரத்தில் ஆண்கள் உள்ளே வருகிறார்களா என்று. போர்டில் எழுதியிருப்பது வேறு, நடப்பது வேறு.

உங்களுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறதுதானே? வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வரலாம் என்று நினைக்கவே வேண்டாம். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் ஸ்டாஃப் ரூமிலேயே சாப்பிட்டுவிட்டு, அப்படியே நேராக ஜிம். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுமுன் வீட்டில் இருப்பீர்கள். நான் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்த எந்த நாளும் ஜிம்முக்குப் போனதில்லை.

டிக்கோயாக்காரன்:

அக்கா சொல்வது சரி, ஆனால் கணக்கையும் பாருங்கள். மாதம் 4,500, பஸ் காசையும் சேர்த்து 6,000 என்று வைத்தால் 165,000 ரூபாய் 27 மாதம் ஓடும். மெஷின் பழுதில்லாமல் ஐந்து வருடம் நின்றால் மெஷின் மலிவு. என்னுடையது நிற்கவில்லை, அதுதான் என் கதை.

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. படியில் இறக்குவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணா, எங்கள் வீட்டுக்கு 38 படி. கடையில் கேட்டேன், ரோடு வரைக்கும்தான் கொண்டுவந்து தருவார்களாம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. எனக்குப் பிரச்சினை சீனி. அதற்கு நடைதானே மருந்து, பாரம் தூக்குவது எதற்கு? அந்த 38 படியையும் தினமும் ஏறி இறங்குகிறேன், நம் மலைநாட்டு ஆட்களுக்கு அதுவே பயிற்சி இல்லையா?

பதுளை பிசியோ:

டீச்சர், நான் பிசியோதெரபி வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்தில் பத்துப் பேராவது கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சாப்பிட்டதில் இருந்து இரத்தத்துக்கு வரும் குளுக்கோசின் பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசை. தசை வேலை செய்யும்போது இன்சுலினின் துணை அதிகம் இல்லாமலே குளுக்கோசை உள்ளே இழுக்கும், வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், சில பேருக்கு அதற்கு மேலும், இன்சுலின் சொல்வதை நன்றாகக் கேட்கும். முப்பது நாற்பது வயதுக்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் விட்டால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும், வாங்கி வைக்கும் இடமும் அதோடு சுருங்கும். நடை இருக்கிற தசைக்கு வேலை கொடுக்கும், பாரம்தான் தசையைக் கூட்டும். உங்களுக்கு இரண்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர அளவு உழைப்பு, அதோடு பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி. நடுத்தரம் என்றால் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அவ்வளவுதான் அளவுகோல்.

உங்களைப் போல போர்டரில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 3,234 பேர், முடிவு 2002இல் வந்தது. நிறையில் 7 சதவீதத்தைக் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் ஒரு பகுதியினரைப் பழக்கினார்கள், ஏறத்தாழ மூன்று வருடத்தில் அவர்களுக்குச் சீனி வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. சீனிக்குக் கொடுக்கிற மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுத்த பகுதியில் 31 சதவீதம்தான் குறைந்தது. எழுபது கிலோ ஆள் என்றால் ஐந்து கிலோ, அவ்வளவுதான் கேட்கிறார்கள். அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள், இந்தக் கணக்கையும் சேர்த்து மனதில் வையுங்கள்.

படிக்கு வருவோம். 38 படி ஏறுவது நல்லதுதான், மூச்சு வாங்கும், இதயத்துக்கு வேலை. ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, பத்து வருடமாக அதே படி, அதே நிறை, உடம்பு அதற்குப் பழகிவிட்டது. கையும் முதுகும் அதில் சேரவே இல்லை. தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்த அம்மாமார் என்னிடம் வருகிறார்கள், நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவர்கள், அவர்களுக்கும் சீனி, முழங்கால் தேய்வு. உழைப்பு குறைந்ததால் வந்தது என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. ஒரே பக்கத்துக்கு வளைந்து, தலையில் இருந்து கூடையைத் தொங்கவிட்டு, ஈரத்தில் வழுக்கி வழுக்கி இறங்குவது உடம்பைத் தேய்க்கும். பயிற்சி என்பது எவ்வளவு பாரம், எத்தனை தடவை, எவ்வளவு ஓய்வு என்று நாம் அளந்து கொடுப்பது. இரண்டும் வேறு வேறு.

ஜிம்மா வீடா என்றால், உங்களுக்கு முதல் மூன்று மாதம் ஜிம் என்று சொல்வேன், நுவரெலியா அக்கா சொன்ன அதே காரணத்துக்காக. குனிந்து தூக்குவது, உட்கார்ந்து எழும்புவது, தள்ளுவது, இழுப்பது, இந்த நாலையும் ஒருவர் பார்த்துத் திருத்திவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்கவேண்டும், அப்படி இரண்டு மூன்று சுற்று. பன்னிரண்டு இலகுவாக வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள். வீட்டில் இரண்டு 5 கிலோ டம்பெல், இழுக்கிற ரப்பர் பட்டி ஒன்று, ஒரு பாய், உறுதியான கதிரை, இவை போதும். டம்பெல் வாங்கும்போது ரப்பர் பூசியதாகப் பாருங்கள், வெறும் இரும்பு நம் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும். ரப்பர் பட்டியை வெயிலில் போடாதீர்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே எறியுங்கள், இழுக்கும்போது அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

நடைக்கு மெஷின் கட்டாயம் இல்லை. சாப்பிட்டு முடித்து பத்து பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனி தணியும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் ஒன்றும் செய்யாமல் விடக்கூடாது, அதை மட்டும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, வழக்கம் இல்லாத மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்தி டொக்டரைப் பாருங்கள்.

தலவாக்கலை பொடியன்:

டீச்சர், எங்கள் தோட்டத்தில் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பரா அறைக்குள் ட்ரெட்மில் வைப்பதை நினைக்கவே முடியாது, டவுன் ஜிம்முக்கு மாதக் காசும் முடியாது. பொடியன்கள் பதினொரு பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 1,000 போட்டோம், வாசிகசாலையின் பின் அறையைக் கேட்டு வாங்கினோம். முதலில் பால்மா டின்னில் சீமெந்து ஊற்றிக் குழாய் மாட்டித்தான் தூக்கினோம், ஒரு பக்கம் பாரம் கூடி ஒருவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது, அதனால் அதை யாருக்கும் சொல்லமாட்டேன். ஆறு மாதம் காசு சேர்த்துக் கண்டியில் மூடிய ஒரு ஜிம்மின் பழைய சாமானை வாங்கினோம், பாரும் தட்டும் பெஞ்சும். இரும்புத் தட்டுக்கு மோட்டரா போர்டா, துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தோம், புதிது மாதிரி. இப்போது சனி ஞாயிறு காலையில் அக்காமாருக்கு அறையை விட்டிருக்கிறோம், நாலு பேர் வருகிறார்கள், ஒருவர் எங்கள் அம்மா. உங்கள் பாடசாலையிலும் டீச்சர்மார் பத்துப் பேர் இருப்பீர்கள், ஒரு வெறும் அறையும் இருக்கும்.

நுவரெலியா அக்கா:

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். தனியாக இருக்கும்போது நெஞ்சுக்கு மேல் பாரம் தூக்க யாரையும் விடாதீர்கள், பக்கத்தில் கட்டாயம் ஒரு ஆள் நிற்கவேண்டும்.

கொட்டகலை டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தவணைப் பரீட்சை. ட்ரெட்மில் வாங்கவில்லை. ஜிம்மில் மாதக் காசு மட்டும் கட்டிச் சேர்ந்தேன், செவ்வாயும் வெள்ளியும், பள்ளிக்கூடம் விட்டு நேராக. அக்கா சொன்ன மாதிரி முதலில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன், பெண்கள் நேரத்தில் வேறு யாரும் வருவதில்லை, பயிற்சியாளர் பொறுமையான பிள்ளை, எனக்கும் தடியைத்தான் முதுகில் பிடித்தாள். டம்பெல், பட்டி, பாய் மூன்றும் 20,000 ரூபாய்க்குள் முடிந்தன. மீதிச் சீட்டுக் காசைப் பிள்ளைகளின் பெயரில் வங்கியில் போட்டுவிட்டேன். நடைக்கு, இரவுச் சாப்பாடு முடிந்ததும் வரவேற்பறையில் இருந்து குசினி வரைக்கும் நானும் சின்ன மகளும் கால் மணி நேரம், அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வருவாள். பெருமழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஓடவில்லை, அன்று வீட்டிலேயே செய்தேன். நிறை ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது, ஆனால் படி ஏறும்போது நடுவில் நிற்பதில்லை.

வேறு பாடசாலையில் இருந்து மாறி வந்த இரண்டு டீச்சர்மாரும் என்னோடு ஜிம்முக்கு வருகிறார்கள். தம்பி சொன்ன அறை விஷயத்தையும் அதிபரிடம் கேட்டிருக்கிறோம்.

பிசியோவிடம் ஒரு கேள்வி. மாமியாருக்கு 68, முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர், இரண்டு முழங்காலும் நோகும். நான் கதிரையில் உட்கார்ந்து எழும்புவதைப் பார்த்து அவரும் கையை ஊன்றிக்கொண்டு செய்கிறார், நேற்று எட்டுத் தடவை. விடலாமா, தடுக்கவா?

பதுளை பிசியோ:

விடுங்கள். கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், அதற்கு மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரம் கூட்டுங்கள், உயரம் கூடினால் முழங்காலுக்குப் பாரம் குறையும். கை ஊன்றுவதில் பிழை இல்லை. செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் நோவு கூடியிருந்தாலோ முழங்கால் வீங்கினாலோ எட்டை ஐந்தாக்குங்கள். இரண்டு வாரம் நோவு கூடாமல் எட்டு வந்தால் தலையணையை எடுத்துவிடலாம். வழுக்கும் தரை என்றால் மேசு கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.